எத்தனை கோடி, எத்தனை ஆண்டு?

அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2021 கோடையில் தொடங்கி 2022 ஆகஸ்டில் முடிந்த ஒரு மசோதாப் பேரம், பெரிய செலவுத் திட்டங்களுக்கு எப்படி விலை பேசப்படுகிறது என்பதை உள்ளும் புறமும் காட்டிவிட்டது. ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள் 6 லட்சம் கோடி டாலரில் பேச்சைத் தொடங்கினார்கள். அங்கே டிரில்லியன் என்று சொல்லப்படுவதுதான் நம் கணக்கில் லட்சம் கோடி. அந்தத் தொகை முதலில் 3.5 லட்சம் கோடியாக இறங்கியது. பிறகு 1.75 லட்சம் கோடி ஆனது. ஒரு கட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றானது. கடைசியில் சுமார் 43,700 கோடி டாலர் செலவுள்ள சட்டமாக நிறைவேறியது. இந்தப் பதினான்கு மாதங்களிலும் செய்தித்தாள்களின் தலைப்பில் நின்றது தொகை மட்டுமே. அந்தத் தொகைக்குள் என்ன இருந்தது, அது எத்தனை ஆண்டுக்கான கணக்கு என்ற இரண்டு கேள்விகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. மசோதாவின் தலையெழுத்தைத் தீர்மானித்தவை அந்த இரண்டு கேள்விகள்தான்.

பேரம் இவ்வளவு நீண்டதற்கு அவையின் எண்ணிக்கை முதல் காரணம். 2021 ஜனவரி 5 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த மறுதேர்தலுக்குப் பிறகு, 100 இடங்கள் உள்ள செனட்டில் இரு கட்சிகளும் ஆளுக்கு 50 இடங்களில் நின்றன. சமநிலை வந்தால் வாக்களிக்கும் உரிமை துணைக் குடியரசுத் தலைவருக்கு உண்டு. அந்தப் பதவியில் இருந்தவர், சென்னையில் பிறந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். அவருடைய வாக்கையும் சேர்த்தால்தான் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. ஒரே ஒரு செனட்டர் கை விரித்தாலும் மசோதா விழும். பிரதிநிதிகள் சபையிலும் சபாநாயகர் நான்சி பெலோசியால் மூன்று வாக்குகளுக்கு மேல் இழக்க முடியாத நிலை.

இந்தியாவில் நிதி மசோதா தோற்றால் அரசே கவிழும். அதனால் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கொறடாவின் உத்தரவை மீறத் துணிவதில்லை. அமெரிக்காவில் மசோதா தோற்றாலும் அதிபர் பதவியில் நீடிப்பார். செனட்டர் தன் மாநிலத்து வாக்காளருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். கட்சித் தலைமை அவரைக் கட்டாயப்படுத்த வழி குறைவு, கெஞ்ச வழி அதிகம். மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா என்ற இரண்டு பேர் ஓராண்டுக்கும் மேலாக நாட்டின் வரவுசெலவைத் தங்கள் கையில் வைத்திருந்தது இதனால்தான். அதிலும் மான்சினின் மாநிலம் நிலக்கரி மாநிலம். 2020 அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் டிரம்ப் அங்கே ஏறத்தாழ 39 சதவீத வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். தன் கட்சியின் பெரிய செலவுத் திட்டத்துக்கு முகம் சுளிப்பதால் மான்சினுக்கு ஊரில் நட்டமில்லை.

செனட்டில் சாதாரண மசோதா ஒன்று நிறைவேற, விவாதத்தை முடித்துவைக்க 60 வாக்குகள் வேண்டும். ஃபிலிபஸ்டர் எனப்படும் இந்தத் தடையைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் பட்ஜெட் சட்டம் உருவாக்கிய ரீகன்சிலியேஷன் என்ற நடைமுறையில் விவாதம் 20 மணி நேரத்தோடு முடியும், சாதாரணப் பெரும்பான்மையே போதும். வழி குறுகலானது. வரவு, செலவு, கடன் ஆகியவற்றைத் தொடும் விஷயங்களை மட்டுமே இதில் ஏற்றலாம். அந்த வரம்பை 1985இல் விதியாக்கியவர் ராபர்ட் பேர்ட். அவரும் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர்தான். 2010இல் அவர் இறந்த பிறகு நடந்த தேர்தலில் அந்த இடத்துக்கு வந்தவரே மான்சின். பேர்ட் விதிப்படி, பட்ஜெட் தாக்கம் பெயரளவுக்கு மட்டுமே உள்ள ஏற்பாடுகள் மசோதாவிலிருந்து நீக்கப்படும். பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டும் ஏற்பாடுகளுக்கும் அதே கதிதான். எது நிற்கும், எது விழும் என்று கருத்துச் சொல்பவர் செனட்டின் விதிமுறை ஆலோசகர் எலிசபெத் மெக்டோனோ. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் ஏற்பாட்டை 2021 பிப்ரவரியிலேயே அவர் ஏற்க மறுத்திருந்தார். குடியேறிகளுக்குச் சட்டப்பூர்வ நிலை தரும் யோசனையை அந்த ஆண்டில் மூன்று முறை மறுத்தார். தேர்தலில் நிற்காத ஓர் அதிகாரியின் கருத்து இவ்வளவு கனம் பெறுவது அந்த அவையின் தனிப் பண்பு.

6 லட்சம் கோடி என்ற எண்ணை முன்வைத்தவர் செனட் பட்ஜெட் குழுவின் தலைவர் பெர்னி சாண்டர்ஸ். 2021 ஜூலை 13 அன்று குழுவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் 3.5 லட்சம் கோடிக்கு உடன்பட்டார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் இலவச முன்பள்ளி, குழந்தைக் காப்பகச் செலவுக்கு உச்சவரம்பு, இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிப் படிப்பு, 12 வாரச் சம்பளத்துடன் கூடிய குடும்ப விடுப்பு, முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் பல், கண், காது சிகிச்சை, மருந்து விலைக் குறைப்பு, தூய மின்சாரம், குழந்தைகள் வரிச்சலுகை என்று அரை நூற்றாண்டுக் கனவுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகஸ்ட் 11 அன்று இதற்கான பட்ஜெட் தீர்மானம் செனட்டில் 50க்கு 49 என்று நிறைவேறியது. அதற்கு முந்தின நாள், சாலை, பாலம், ரயில், குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கான தனி மசோதா இரு கட்சி ஆதரவுடன் 69க்கு 30 என்று தேறியிருந்தது. அதன் மதிப்பு சுமார் 1.2 லட்சம் கோடி. புதிய செலவு அதில் 55,000 கோடி.

3.5 லட்சம் கோடி என்பது பத்தாண்டுக் கணக்கு என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. ஆண்டுக்குச் சராசரி 35,000 கோடி டாலர். அன்றைய அமெரிக்கப் பொருளாதாரத்தின் ஓராண்டு உற்பத்தி 23 லட்சம் கோடியை ஒட்டியிருந்தது. மேலும் அது மொத்தச் செலவே தவிர நிகரச் செலவு அல்ல. பணக்காரர் மீதும் நிறுவனங்கள் மீதும் விதிக்கப்படும் வரிகள் பெரும்பகுதியை ஈடுகட்டும் என்று மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் திட்டமிட்டார்கள். இதை மக்களிடம் சரியாக எடுத்துச் சொல்லாதது அவர்களுடைய பெரிய பிழை. திட்டத்தின் பெயரைவிட எண்ணையே அவர்களும் முழங்கினார்கள். எண் பெரிதாக இருப்பதே பெருமை என்று பேசினால், எண் பெரிதாக இருப்பதே குற்றம் என்று எதிரி சொல்வது எளிதாகிவிடும்.

எண் முடிவாகிவிட்டது என்று நாடு நினைத்துக்கொண்டிருந்தபோது, அது முடிவாகவில்லை என்று காட்டும் ஒரு காகிதம் செனட் பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமரிடம் இருந்தது. 2021 ஜூலை 28 தேதியிட்ட ஒரு பக்க உடன்படிக்கை அது. மான்சினின் நிபந்தனைகள் அதில் வரிசையாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. மொத்தத் தொகை 1.5 லட்சம் கோடியைத் தாண்டக் கூடாது. அக்டோபர் 1க்கு முன் விவாதம் தொடங்கக் கூடாது. நிறுவன வரி 25 சதவீதம் வரை உயரலாம். தூய மின்சாரத் திட்டம் முழுக்க மான்சின் தலைமை வகிக்கும் எரிசக்திக் குழுவின் அதிகாரத்தில் இருக்க வேண்டும். இந்த வரம்புகளை மீறினால் இறுதி மசோதாவுக்கு வாக்களிப்பதாக அவர் உறுதி தரவில்லை. இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஷூமர் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில், இவற்றில் பலவற்றைக் கைவிடும்படி ஜோவிடம் பேசிப் பார்ப்பேன் என்ற பொருளில் ஒரு வரியைப் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார். இரண்டு மாதம் மறைந்திருந்த இந்தக் காகிதம் செப்டம்பர் 30 அன்று செய்தியாளர்கள் கைக்கு வந்தது. அதுவரை பிரதிநிதிகள் சபையின் குழுக்கள் 3.5 லட்சம் கோடிக்கு ஏற்ப ஆயிரக்கணக்கான பக்கச் சட்ட வாசகங்களை எழுதிக்கொண்டிருந்தன. உண்மையான வரம்பு அதில் பாதிக்கும் குறைவு என்பது அந்தக் குழுத் தலைவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பேரத்தின் மிக விலையுயர்ந்த தவறு இதுவே. முதல் நாளே 1.5 லட்சம் கோடி என்று தெரிந்திருந்தால், எந்த மூன்று நான்கு திட்டங்கள் முக்கியம் என்ற சண்டையைக் கோடையிலேயே போட்டு முடித்திருக்கலாம்.

இதற்கிடையே பிரதிநிதிகள் சபையில் இன்னொரு கயிறிழுப்பு நடந்தது. சாலை மசோதாவை உடனே நிறைவேற்ற வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் மிதவாதிகள் நின்றார்கள். அதை நிறைவேற்றிவிட்டால் சமூகத் திட்ட மசோதாவை மான்சினும் சினிமாவும் கைகழுவிவிடுவார்கள் என்று முற்போக்கு அணியினர் அஞ்சினார்கள். அந்த அணியின் அப்போதைய தலைவர் பிரமிளா ஜெயபால், சென்னையில் பிறந்து வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் தொகுதியிலிருந்து தேர்வானவர். இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும், இல்லாவிட்டால் சாலை மசோதாவுக்கு வாக்கில்லை என்று அவர் உறுதியாக நின்றார். மிதவாதிகளுக்கு உறுதியளித்திருந்த செப்டம்பர் 27 கெடு அப்படியே கடந்தது. அக்டோபர் 1 அன்று அதிபர் ஜோ பைடன் தானே நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்து உறுப்பினர்களைச் சந்தித்து, இரண்டு மசோதாக்களின் பிணைப்பை ஏற்றுக்கொண்டார். பெரிய மசோதா சிறுத்தே ஆக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

சிறுக்க வைப்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. சில திட்டங்களை அடியோடு விட்டுவிட்டு மீதியைப் பத்தாண்டுக்கும் முழுமையாக நடத்துவது ஒரு வழி. எல்லாத் திட்டங்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் காலத்தையும் குறைப்பது மற்றொரு வழி. பணம் போதாதபோது வீடு கட்டுகிறவர் அறைகளைக் குறைப்பார். எல்லா அறைகளையும் எழுப்பி, ஓராண்டு தாங்கும் கூரையைப் போட மாட்டார். கட்சித் தலைமை பெரும்பாலும் அந்தக் கூரையைத்தான் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் பின்னால் ஓர் அணி, ஒரு தொழிற்சங்கம், ஒரு வாக்காளர் கூட்டம் இருந்தது. யாருடைய திட்டத்தையும் வெட்டினோம் என்ற பெயர் தலைமைக்கு வேண்டாம். ஒருமுறை மக்கள் கைக்குப் பணம் வந்துவிட்டால் பிறகு எந்தக் கட்சியும் அதை நிறுத்தத் துணியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அக்டோபர் 28 அன்று வெள்ளை மாளிகை 1.75 லட்சம் கோடிக்கான சட்டகத்தை வெளியிட்டது. இலவச சமுதாயக் கல்லூரி போனது. பல், கண் சிகிச்சை போனது, காது மட்டும் நின்றது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறும் மின் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் மாறாதவற்றுக்கு அபராதமும் விதிக்க 15,000 கோடியில் வகுக்கப்பட்டிருந்த திட்டம், மான்சின் மறுத்ததால் ஏற்கெனவே விழுந்திருந்தது. வரி விகிதங்களை உயர்த்த சினிமா இடம் தரவில்லை. முன்பள்ளிக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் ஆறு ஆண்டுகள். மருத்துவக் காப்பீட்டு மானியம் 2025 வரை. குழந்தைகள் வரிச்சலுகைக்கு ஒரே ஓர் ஆண்டு.

கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெருந்தொற்று நிவாரணச் சட்டத்தின் கீழ், 2021 ஜூலை முதல் ஆறு வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 300 டாலர் வரை, 17 வயது வரை உள்ளவர்களுக்கு 250 டாலர் வரை பெற்றோர் கணக்கில் விழுந்தது. பழைய முறையில் வருமானமே இல்லாத அல்லது மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு முழுச் சலுகை கிடையாது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிறவருக்குத்தான் அது முழுதாகக் கிடைக்கும். புதிய முறை அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. சுமார் 6 கோடிக் குழந்தைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் துணை அளவீட்டின்படி 2020இல் 9.7 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை 2021இல் 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு நாட்டின் வறுமைக் கணக்கு ஒரே ஆண்டில் இப்படிச் சரிவது அரிது. இந்தத் திட்டத்தைப் பத்தாண்டுக்குத் தொடர்ந்தால் மட்டும் 1.5 லட்சம் கோடிக்கு மேல் ஆகும். அதாவது மான்சினின் மொத்த வரம்பையும் இது ஒன்றே விழுங்கிவிடும். எனவே அதை ஓராண்டுக்கு வெட்டி, செலவைப் பத்தில் ஒரு பங்காகக் காட்டினார்கள். ஓராண்டுக்கு மட்டும் நடத்தும் எண்ணம் அந்தக் கட்சியில் யாருக்கும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நவம்பர் 5 இரவு, பெரிய மசோதாவுக்கு வாக்களிப்போம் என்று மிதவாதிகள் எழுத்தில் உறுதி தந்தார்கள். சாலை மசோதா 228க்கு 206 என்று நிறைவேறியது. அந்த உறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் தரும் மதிப்பீடு வெள்ளை மாளிகை சொன்ன கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். அந்த அலுவலகம் கட்சி சாராதது, 1974 சட்டத்தின் குழந்தை. மசோதாக்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுவது அதன் வேலை. நவம்பர் 18 அன்று சீட்டு வந்தது: பத்தாண்டில் பற்றாக்குறை 36,700 கோடி டாலர் கூடும். வரித்துறைக்குக் கூடுதல் ஆள் போட்டு, ஏய்ப்பவரிடம் வசூலிப்பதால் கிடைக்கும் 20,700 கோடியை விதிப்படி இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதால் அதைத் தனியாகக் குறிப்பிட்டது. சேர்த்தால் நிகரம் 16,000 கோடி. அதே வசூல் 40,000 கோடி வரும் என்று கருவூலத் துறை சொன்னது. அப்படியானால் பற்றாக்குறையே இல்லை. ஒரே மசோதா ஒருவர் கணக்கில் கடன் கூட்டியது, இன்னொருவர் கணக்கில் கடன் குறைத்தது. மிதவாதிகள் கருவூலத்தின் கணக்கை ஏற்கத் தயாரானார்கள். அன்றிரவு குடியரசுக் கட்சித் தலைவர் கெவின் மெக்கார்த்தி 8 மணி 32 நிமிடம் இடைவிடாமல் பேசி வாக்கெடுப்பை விடியும்வரை தள்ளினார். நவம்பர் 19 காலை 220க்கு 213 என்று மசோதா பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது.

செனட்டில் அதற்கு எதிரான முக்கியமான அடி ஒரு கடிதத்தின் வழியாக விழுந்தது. பட்ஜெட் குழுவின் மூத்த குடியரசுக் கட்சி உறுப்பினர் லிண்ட்ஸி கிரஹாம், இந்தத் தற்காலிகத் திட்டங்கள் எல்லாம் நிரந்தரமானால் என்ன செலவு என்று பட்ஜெட் அலுவலகத்திடம் கேட்டார். டிசம்பர் 10 அன்று பதில் வந்தது: பற்றாக்குறை பத்தாண்டில் 3 லட்சம் கோடி கூடும். மசோதாவில் இல்லாத நீட்டிப்புகளுக்கு விலை போடுவது நியாயமில்லை என்று வெள்ளை மாளிகை சொன்னது. அந்த வாதத்தில் சட்டப்படி குறையில்லை. ஆனால் நீட்டிக்கத்தான் போகிறோம் என்று ஆதரவாளர்களிடம் சொன்னவர்கள், நீட்டிப்பதாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்று எதிரணியிடம் சொல்வது எடுபடவில்லை. அதே நாளில் நவம்பர் மாத விலைவாசி உயர்வு 6.8 சதவீதம் என்ற புள்ளிவிவரமும் வெளியானது. மறைந்திருக்கும் செலவு, விலைவாசி உயர்வு என்று மான்சின் மாதக்கணக்கில் சொல்லிவந்த இரண்டு அச்சங்களுக்கும் ஒரே நாளில் ஆதாரம் கிடைத்துவிட்டது.

2021 டிசம்பர் 15 அன்று குழந்தைகளுக்கான கடைசி மாதத் தொகை பெற்றோர் கணக்கில் விழுந்தது. அதே நாள் செனட், சுமார் 76,800 கோடி டாலருக்கான பாதுகாப்புத் துறை மசோதாவை 88க்கு 11 என்று நிறைவேற்றியது. இது ஓராண்டுத் தொகை. பத்தாண்டுக்குப் பெருக்கினால் 7 லட்சம் கோடியைத் தாண்டும். அதை அப்படிப் பெருக்கி யாரும் தலைப்புப் போடவில்லை. ராணுவத்துக்கு ஆண்டுக் கணக்கு, குழந்தைகளுக்குப் பத்தாண்டுக் கணக்கு என்ற வழக்கம் விதிப்புத்தகத்தில் பிறந்ததே தவிர யாருடைய சதியும் அல்ல. ஆனாலும் வாக்காளர் மனத்தில் அது உண்டாக்கும் தோற்றம் பெருங்கேடு.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 19 ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் மான்சின் இந்த மசோதாவுக்கு வாக்களிக்க முடியாது என்று அறிவித்தார். சொந்த மாநில மக்களிடம் விளக்க முடியாத ஒன்றுக்கு வாக்களிக்க இயலாது என்பது அவர் சொன்ன காரணம். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் அதிபரிடம் எழுத்தில் ஒரு மாற்றுத் திட்டம் தந்திருந்தார் என்று வெள்ளை மாளிகை வெளிப்படையாகவே சொன்னது. அதன் அளவு ஏறத்தாழ அதே 1.75 லட்சம் கோடியை ஒட்டியது என்றும், திட்டங்கள் குறைவு, காலம் முழுப் பத்தாண்டு, குழந்தைகள் வரிச்சலுகைக்கு அதில் இடமில்லை என்றும் செய்திகள் வந்தன. அப்படியானால் இரு தரப்பும் தொகையில் ஏற்கெனவே உடன்பட்டிருந்தார்கள். முறிந்தது ஆண்டுகளைப் பற்றிய பேச்சு.

2022இன் முதல் ஆறு மாதங்கள் பெரும்பாலும் வீணாயின. ஜூலை 13 அன்று, ஜூன் மாத விலைவாசி உயர்வு 9.1 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாளே, பருவநிலைச் செலவுக்கும் வரி உயர்வுக்கும் இப்போது சம்மதிக்க முடியாது என்று ஷூமரிடம் மான்சின் சொல்லிவிட்டார். கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். ஜூலை 27 மாலை இருவரும் சேர்ந்து ஓர் உடன்பாட்டை அறிவித்தபோது வாஷிங்டனில் அதை எதிர்பார்த்தவர் மிகச் சிலர். இந்த முறை பேரம் வரவுப் பக்கத்திலிருந்து கட்டப்பட்டிருந்தது. 73,900 கோடி வரவு, 43,300 கோடி செலவு, மீதி பற்றாக்குறைக் குறைப்பு. செலவில் 36,900 கோடி எரிசக்திக்கும் பருவநிலைக்கும், 6,400 கோடி மருத்துவக் காப்பீட்டு மானியத்துக்கும். 100 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி, மருந்து விலையை மெடிகேர் பேரம் பேசும் அதிகாரம், வரித்துறைக்கு 8,000 கோடி. பெயரும் மாறிவிட்டது: விலைவாசிக் குறைப்புச் சட்டம். மான்சினுக்காகவே வைக்கப்பட்ட பெயர் அது.

சினிமாவின் வாக்குக்கு வேறு விலை இருந்தது. முதலீட்டு நிதி மேலாளர்களின் பங்கு வருமானத்துக்குள்ள வரிச் சலுகையை மூடும் பிரிவு நீக்கப்பட்டது. ஆலைகள் இயந்திரங்களுக்குக் கழிக்கும் தேய்மானத்துக்குப் புதிய குறைந்தபட்ச வரியில் விலக்குத் தரப்பட்டது. வறட்சி நிவாரணத்துக்கு 400 கோடி சேர்ந்தது. இழந்த வரவை ஈடுகட்ட, நிறுவனங்கள் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்கும்போது 1 சதவீத வரி என்று புதிதாக ஒன்று நுழைந்தது. நீக்கிய பிரிவு தந்திருக்கக்கூடிய வரவைவிட இது பல மடங்கு அதிகம் தரும் என்று மதிப்பிடப்பட்டது. பேரத்தில் ஒரு பிரிவைப் பறிகொடுத்தவர்கள் நல்லதொன்றைப் பெற்றதற்கு இது சான்று.

ஆகஸ்ட் 6 சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய தொடர் வாக்கெடுப்பு மறுநாள் பிற்பகல் வரை நீடித்தது. ரீகன்சிலியேஷனில் விவாத நேரம்தான் முடியும். திருத்தங்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இரவு முழுக்க உறுப்பினர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாக்களித்துக்கொண்டே இருப்பார்கள். தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற பிரிவு பேர்ட் விதிக்கு முரண் என்று ஆலோசகர் சொன்னார். விதியைத் தளர்த்த 60 வாக்கு வேண்டும். கிடைத்தது 57. எதிர்க்கட்சியினர் ஏழு பேர் ஆதரித்தும் போதவில்லை. முதியோருக்கான மெடிகேரில் மட்டும் அந்த வரம்பு தப்பியது.

அந்த இரவில் சாண்டர்ஸ் குழந்தைகள் வரிச்சலுகையைத் திரும்பக் கொண்டுவரத் திருத்தம் ஒன்று வைத்தார். அதை எதிர்த்துப் பேச எழுந்தவர் ஒஹையோவின் ஷெராட் பிரவுன். பல ஆண்டுகள் அந்தச் சலுகைக்காகவே போராடியவர் அவர். இந்தத் திருத்தம் சேர்ந்தால் ஒரு வாக்கு நழுவும், முழு மசோதாவும் விழும் என்பதால் தோழர்களிடம் எதிர்த்து வாக்களிக்கக் கேட்டுக்கொண்டார். 97 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தது சாண்டர்ஸ் ஒருவர். பதினான்கு மாதப் பேரத்தில் இதைவிட வலிக்கும் காட்சி வேறு இல்லை. ஐம்பது பேரில் ஒருவர்கூட உதிரக் கூடாது என்ற நிலையில், தான் நேசித்த திட்டத்தைத் தானே தோற்கடிக்க வேண்டியிருந்த பிரவுனின் நிலையும், தோற்பது உறுதி என்று தெரிந்தே பெயர் பதிய வைத்த சாண்டர்ஸின் நிலையும் இரண்டுமே மதிப்புக்குரியவை. ஆகஸ்ட் 7 அன்று ஹாரிஸின் வாக்கோடு 51க்கு 50 என்று மசோதா தேறியது. பிரதிநிதிகள் சபை ஆகஸ்ட் 12 அன்று 220க்கு 207 என்று ஏற்றது. ஆகஸ்ட் 16 அன்று பைடன் கையெழுத்திட்டார்.

விலைச்சீட்டு எவ்வளவு நம்பத்தக்கது என்பதைப் பிந்தைய ஆண்டுகள் காட்டின. எரிசக்திக்கான வரிச்சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மொத்த வரம்பு வைக்கப்படவில்லை. எத்தனை பேர் சூரியத் தகடும் மின்சாரக் காரும் வாங்கினார்களோ அத்தனைக்கும் சலுகை இருந்தது. அதனால் செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டிப் போகும் என்று பின்னாளைய மதிப்பீடுகள் சொல்லின. காப்பீட்டு மானியம் மூன்றாண்டுக்கு மட்டும் நீட்டிக்கப்பட்டதால் 2025 முடிவில் காலாவதியாக வேண்டியிருந்தது. அதை நீட்டிக்கும் சண்டையில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அமெரிக்க அரசு அலுவலகங்கள் முடங்கின. அதுவரையிலான அந்நாட்டு வரலாற்றில் மிக நீண்ட முடக்கம் அது.

ஆண்டைச் சுருக்கித் தொகையைச் சிறிதாக்கும் வித்தை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதல்ல. 2017இல் குடியரசுக் கட்சி கொண்டுவந்த வரிக்குறைப்புச் சட்டத்துக்கு 1.5 லட்சம் கோடி பற்றாக்குறை வரம்பு இருந்தது. அதற்குள் அடக்க, தனிநபர் வரிக்குறைப்புகள் 2025 முடிவோடு காலாவதியாகும்படி எழுதப்பட்டன. 2025இல் அவற்றை நிரந்தரமாக்கும்போது, நடப்பில் இருப்பதைத் தொடர்வதற்குச் செலவே இல்லை என்று ஒரு புதிய அடிப்படைக் கணக்கைச் செனட் ஏற்றது. அந்தக் கணக்கை அறிவித்தவர் பட்ஜெட் குழுவின் தலைவராகியிருந்த லிண்ட்ஸி கிரஹாம். தற்காலிகத்தை நிரந்தரமாக வைத்து விலை போடு என்று 2021இல் கேட்டவரும் அவரே. வழக்கமான முறையில் கணக்கிட்ட பட்ஜெட் அலுவலகம், அந்த மசோதா பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும் என்றது. செனட்டில் அதுவும் துணைக் குடியரசுத் தலைவரின் வாக்கோடு 51க்கு 50 என்றே தேறியது. 2022 சட்டத்தின் எரிசக்திச் சலுகைகளில் பலவற்றை அது முன்கூட்டியே முடித்துவைத்தது.

மாதத் தொகையும் பிற நிவாரணங்களும் நின்ற பிறகு, 2022இல் அமெரிக்கக் குழந்தை வறுமை 12.4 சதவீதத்துக்கு ஏறியது. 2025 சட்டத்தில் குழந்தைகள் வரிச்சலுகை 2,200 டாலராக உயர்த்தப்பட்டு, காலாவதித் தேதி இல்லாமல் நிரந்தரமாக்கப்பட்டது. வருமானமில்லாத குடும்பத்துக்கும் முழுத்தொகை என்ற 2021ஆம் ஆண்டு ஏற்பாடு அதில் இல்லை.